லாரிக்காக அழுத தொப்பிக்காரர்

லாரியாம் சார், லாரி! ஒரு மனுசன் அந்த அழுவ அழுவுறான், எதுக்குன்னு கேட்டா, வெச்சிருந்த பழைய லாரிய வித்துப்புட்டானாம். அதுக்காம். பெத்த தாய்க்கு அழுவுறவன் இருக்கான், கட்டுனவளுக்கு அழுவுறவன் இருக்கான். லாரிக்கு எவனாவது அழுவானா, நீங்களே சொல்லுங்க.

தஞ்சாவூர் வரைக்கும்தானே நீங்க? நல்லதாப் போச்சு. காதுல மாட்டியிருக்கிற வயர ஒரு பக்கமாவது எடுத்துவிட்டுருங்க. நான் அறுக்குற ஆளு இல்ல. திருச்சி பொன்மலையில ரயில்வே வர்க்‌ஷாப்புல முப்பத்தாறு வருசம் ஃபிட்டரு. அந்த இரைச்சல்ல பேசுனா பக்கத்துல இருக்குறவனுக்கே கேக்காது. அதனால ரிட்டயர் ஆனப்புறம்தான் நான் பேசவே ஆரம்பிச்சேன்.

என் பேரு தனுஷ்கோடி. எங்கப்பா ராமேஸ்வரம் பக்கம். மூத்தவன் எனக்குத் தனுஷ்கோடின்னு வெச்சாரு, இளையவனுக்குச் சேதுன்னு வெச்சாரு. மூணாவது ஒண்ணு பொறந்திருந்தா பாம்பன்னு வெச்சிருப்பாரு, நல்லவேளை பொறக்கல. அந்தச் சேதுதான் துபாய்ப் பக்கம் எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போனான். பதினோரு வருசம். கூட வேலை பாத்தவங்க பூரா அமெரிக்காக்காரங்க. அதுல ஒரு ஃபோர்மேன் ஊருக்குத் திரும்பயில, ஷூ வாங்குன அட்டைப்பெட்டி நெறைய கேசட்டப் போட்டு இவன் கையில குடுத்துட்டுப் போயிட்டான். இருபத்துமூணு கேசட். லீவுக்கு வந்தப்ப இவன் அதத் தூக்கி என்கிட்ட குடுத்தான். "அண்ணே, உனக்குத்தான் பாட்டுன்னா உசுராச்சே, வெச்சுக்க"ன்னான். அவ்வளவுதான் அவன் பங்கு. அவன் பேச்சு இப்ப வேணாம்.

மொத நாள் போட்டுப் பாத்தேன் சார். கிட்டாருதான், ஆனா கிட்டாரு மாதிரி இல்ல. கம்பிமேல எதையோ வெச்சு இழுக்குறான். பாசி புடிச்ச படியில கால் வெச்ச மாதிரி சத்தம் வழுக்கிக்கிட்டே போவுது. விழுந்துரும் விழுந்துரும்னு பாக்குறோம், விழல. அதுக்கு மேல ஒருத்தரு அவசரமே படாமப் பாடுறாரு. கத்தல, கொழையல. பக்கத்து வீட்டுக்காரரு வேலியோரமா நின்னு தன் கஷ்டத்தச் சொல்ற மாதிரி. அடியில தாளம் இருக்கே, அது ரயிலு. சத்தியமா ரயிலு. மீட்டர் கேஜு, ஆறு பெட்டி, லேசான ஏத்தம். எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரி வெச்ச காப்பி ஆறி ஆடை கட்டிப்போச்சு.

கண்ட்ரி மியூசிக்குனு அதுக்குப் பேராம். பாடுனவங்க பேரு தெரியாது. அட்டையெல்லாம் கிழிஞ்சு போயி படம் மட்டும்தான் பாக்கி. எல்லாரும் தொப்பி. நாங்களே பேரு வெச்சுக்கிட்டோம். தொப்பிக்காரர், மீசைத் தொப்பி, கண்ணாடித் தொப்பி, தொப்பி போடாத அம்மா. போன்ல தேடலாமேங்கறீங்க, அதானே? 'தொப்பி வெச்சவர் பாட்டு'ன்னு போட்டுப் பாத்தோம் சார். பூரா தொப்பி விக்கிற கடையா வந்துச்சு.

நாங்கன்னு சொன்னேனே, அது யாருன்னா, மொத ஆளு சவரிமுத்து. பேண்ட் செட்டுல கிளாரினெட் வாசிக்கிறவரு. ஒருநாள் சாவு வீட்டுக்கு வாசிச்சுட்டு அதே செவப்பு உடுப்போட எங்க தெரு வழியாப் போனவரு, சன்னலோரமா நின்னுட்டாரு. பாட்டு முடியிற வரைக்கும் நின்னாரு. "இன்னொரு தடவ போடுங்க"ன்னாரு. போட்டேன். அப்புறம் தெருவுல நின்னபடியே கிளாரினெட்ட எடுத்து அப்படியே திருப்பி வாசிச்சாரு பாருங்க! அன்னையிலேர்ந்து எங்க ஏரியாவுல யாரு செத்தாலும் அமெரிக்காப் பாட்டுலதான் சுடுகாட்டுக்குப் போவாங்க.

ரெண்டாவது நத்தர்ஷா பாய். முக்குல டீக்கடை. டீ குடுக்க வந்தவரு உக்காந்துட்டாரு. அப்படியே சனிக்கிழமை தவறாம சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வீட்டு முன்கட்டுல கூட ஆரம்பிச்சோம். நாளாக ஆக ஏழெட்டுப் பேரு. நான் ஒரு போர்டுகூட எழுதி மாட்டுனேன், 'பொன்மலை கண்ட்ரி ரசிகர் மன்றம்'னு. மாட்டுன மொத வாரமே ரெண்டு பேரு கையில காலி பாட்டிலோட வந்து, "இங்க நாட்டுச் சரக்கு கெடைக்குமா"ன்னு கேட்டாங்க. போர்டக் கழட்டிட்டேன்.

அர்த்தம் சொல்றது நான்தான். எனக்கு இங்கிலீஷ் வரும் சார். வர்க்‌ஷாப்புல எல்லா போர்டும் இங்கிலீஷ்தான். டேஞ்சரு, நோ ஸ்மோக்கிங்கு, லிஃப்ட் வித் கேரு, எல்லாம் தெரியும். பாட்டு வேகமாப் போகயில நாலு வார்த்தை புடிபடும். ரோடு, ரெயினு, மதரு, குட்பை. மீதியக் குரல வெச்சே புடிச்சுருவேன். பாட்டு ஓட ஓட நான் சொல்லுவேன், அவங்க கண்ணு கலங்கும். தொப்பிக்காரரு பாடுறத விட நான் சொல்றதுதான் உருக்கமா இருக்குன்னு நத்தர்ஷா பாயே சொல்லியிருக்காரு. பதினோரு வருசம் இப்படி ஓடுச்சு.

அப்பத்தான் ஜெசிந்தா டீச்சர் வந்தாங்க.

பின்தெருவுக்குப் புதுசாக் குடிவந்தவங்க. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆனவங்க. அப்பா ரயில்வே கார்டாம். ஜோலார்பேட்டை ஆங்கிலோ இந்தியன் காலனியில ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா வீட்டுக்கு வீடு இந்தப் பாட்டுத்தானாம். மொத நாள் வந்து, அந்த வழுக்குற கிட்டாரக் கேட்டுட்டு, கைக்குட்டையால கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. எனக்கு ரொம்பச் சந்தோசம். நல்ல ரசிகைன்னு நெனச்சேன். மூணு வாரம் ஒரு வார்த்தை பேசல. மடியில ஒரு நோட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க. என்னோட அர்த்தத்தக் குறிச்சு வெச்சுக்கிறாங்கன்னு பெருமையா இருந்துச்சு. நெசமாவே அதத்தான் குறிச்சிருக்காங்க.

நாலாவது வாரம் நத்தர்ஷா பாய்தான் வாயக் குடுத்தாரு. "டீச்சர், நம்ம கடைப் பேரு பாத்தீங்களா? 'ஹாங்கி டாங்க் டீ ஸ்டால்'. இவரு வெச்சதுதான். மாட்டுக் கழுத்து மணிச் சத்தமாம்ல? பால் வியாபாரத்துக்குப் பொருத்தம்."

டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "பாய், மணிச் சத்தம்னு யாரு சொன்னது?"

"இவருதான்."

"பாய், அது... அந்த ஊர்ல கூத்துப் பாட்டு நடக்குற சாராயக்கடை."

நத்தர்ஷா பாய் அடுத்த வருசம் ஹஜ்ஜுக்குப் போறதா நேர்ந்துக்கிட்டவரு சார். எந்திரிச்சாரு. என்னையப் பாத்தாரு. மறுநாள் காலையில போர்டுக்கு வெள்ளையடிச்சுட்டாரு. நான் கேக்குறேன், பாட்டுல அந்த வார்த்தை வரும்போதெல்லாம் பின்னாடி டிங்கு டிங்குன்னு ஒரு சத்தம் வருது. அது மணி இல்லாம என்ன? கிளாஸு இடிக்கிற சத்தமாம்.

சவரிமுத்து சும்மா இருந்திருக்கலாம். அவரு, "டீச்சர், என் தங்கச்சி மக ரிசப்ஷன்ல ஒண்ணு வாசிச்சேன். கல்யாணப் பொண்ண வர்ணிக்கிற பாட்டு"ன்னு சொல்லி ரெண்டு வரி வாசிச்சுக் காட்டுனாரு. டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. அதுல ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட, வீடு உனக்கு, நெலம் உனக்கு, நாய மட்டும் நான் கூட்டிக்கிட்டுப் போயிர்றேங்கறானாம். சவரிமுத்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் பாதிச் சிரிப்புல நிறுத்திட்டு அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு, "வீட்ல நாய் வளக்குறீங்களா?"ன்னு கேட்டாரு. வளக்குறாங்களாம். "ஜாக்கிரதை"ன்னு சொல்லி வெச்சுட்டாரு.

அதோட போச்சு சார் என் மரியாதை. அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாரும் டீச்சரப் பாத்து உக்காந்தாங்க. என் வீடு, என் டேப்பு, என் கேசட்டு. நான் பட்டனத் தட்டி விட்டுட்டு ஓரமா நிக்கிறேன், கரண்ட் ஆபீஸ்காரன் மாதிரி. தப்புச் சொல்லக் கூடாது, டீச்சர் மரியாதையாத்தான் பேசுவாங்க. "மிஸ்டர் தனுஷ்கோடி சொல்றதுல ஒரு அழகு இருக்கு"ன்னு தொடங்கித்தான் கழுத்த அறுப்பாங்க.

ஒருநாள் அந்த நோட்டப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் பாட்டுல இருக்குறது, இன்னொரு பக்கம் நான் சொன்னது. "மிஸ்டர் தனுஷ்கோடி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க அர்த்தம் சொன்ன பதினாறு பாட்டுல, பதினாலுல ஒரு தம்பி வர்றான். கோவிச்சுக்கிட்டுப் போறான், கடுதாசி போட மாட்டேங்கறான், மழையில நனையிறான். பாட்டுல ஒண்ணுலகூட தம்பி இல்லையே?"

சவரிமுத்து தரையப் பாத்தாரு. நத்தர்ஷா பாய் ஃபேனப் பாத்தாரு. என்ன இருக்கு இதுல? தமிழ்ல சொல்லும்போது ஒரு ஒறவுமுறை வெச்சுச் சொன்னாத்தானே மனசுல ஒட்டும். அண்ணன் தம்பி எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான். அதத்தான் சொன்னேன். இங்கிலீஷ் டீச்சர் எதுக்குக் கணக்குப் போடணும்னு கேக்குறேன்.

இப்ப லாரிக்கு வர்றேன்.

இருபத்துமூணு கேசட்டுல எனக்கு உசுரு ஒரு பாட்டு. தொப்பிக்காரர் பாடுனது. அண்ணன் ஸ்டேசன்ல நிக்கிறான். தம்பி ரோசப்பட்டு ரயிலேறிட்டான். கொடி காட்டியாச்சு. கூப்பிடலாமா வேணாமான்னு அண்ணன் நிக்கிறான். அந்த எடத்துல குரல் ஒரு முறி முறியும் பாருங்க... இப்ப நெனச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியுது. அந்தப் பாட்டத்தான் டீச்சர் லாரின்னுட்டாங்க. "பழைய டிரக்கு. அதுலதான் அவரு ஊர் ஊராச் சுத்துனது. வித்துட்டு வாசல்ல நின்னு பாக்குறாரு"ன்னாங்க. "ஆனா நான் பாதிதானே கேட்டிருக்கேன். மீதியும் கேட்டா உறுதியாச் சொல்லிருவேன்"ன்னாங்க.

மீதி இல்ல சார். அதான் என் வயித்தெரிச்சல். பாட்டு உச்சத்துக்கு ஏறும், தொப்பிக்காரரு மூச்ச இழுப்பாரு, டக்குனு ஒரு சத்தம். அப்புறம் ஒரு ஆளு கத்துவான்: "இந்த எலைக்கு ரசம்!" அந்த எடத்துல நான் டேப்ப நிறுத்திருவேன். பதினோரு வருசமா எல்லாருக்கும் அது மனப்பாடம். சவரிமுத்து சுடுகாட்டுக்கு வாசிச்சுட்டுப் போகையில அந்த எடம் வந்தா, பின்னாடி டிரம்மு அடிக்கிறவன் வாய்க்குள்ளயே "ரசம்"னு சொல்லித்தான் நிறுத்துவான்.

எப்படி வந்துச்சுங்கறீங்களா? சேது மக யாழினிக்குக் காதுகுத்து. பத்தொம்பது வருசம் ஆச்சு. காரைக்கால்ல அவன் மாமியார் வீட்ல. நான் டேப்பையும் கேசட்டையும் தூக்கிக்கிட்டுப் போனேன், பந்திக்குப் பாட்டு இல்லாம எப்படின்னு. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சுப் போட்டுப் பாக்குறேன், நடுவுல ரசம்! ரெக்கார்டு பட்டன அமுக்கியிருக்கான் படுபாவி. எப்பேர்ப்பட்ட பாட்டு! போன் போட்டேன். "ஏன்டா அழிச்ச?"ன்னேன். "மீதியக் கேட்டியாண்ணே?"ன்னான். "பந்தி நடக்குறதயா கேக்கச் சொல்ற?"ன்னேன். "கேட்டுட்டு அப்புறமாப் பேசு"ன்னு சொல்லி வெச்சுட்டான். எனக்கே! மூத்தவன் எனக்கே போன வெச்சான். நானும் அதுக்கப்புறம் எடுக்கல. அவனும் எடுக்கல. அவ்வளவுதான். இதுல என் மேல என்ன தப்பு?

சரி, போன மாசம் ஒரு சனிக்கிழமை. அந்தப் பாட்டப் போட்டேன். டீச்சர் மறுபடி லாரிங்கறாங்க. எனக்குப் பொறுக்கல. "இங்க லாரி கீரின்னு யாரும் பேசக் கூடாது"ன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான். டீச்சர் நோட்ட மூடுனாங்க. "நான் வர்றதுல உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம், மிஸ்டர் தனுஷ்கோடி"ன்னு எந்திரிச்சுட்டாங்க. சவரிமுத்து என்னைய முறைக்கிறாரு. நான் பின்னாடியே வாசல் வரைக்கும் போயி, "கஷ்டம்னு நான் சொன்னேனா? லாரி வேணாம்னுதான் சொன்னேன்"னு வாக்குவாதம். அந்த அம்மா ஒரு செருப்ப மாட்டிட்டாங்க, இன்னொண்ண மாட்டல. உள்ள டேப்பு ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்துற ஆளு நான், வாசல்ல நிக்கிறேன்.

டக்கு. "இந்த எலைக்கு ரசம்!"

ஓடுது. கரண்டி விழுவுது, கொழந்தை வீல்னு கத்துது, யாரோ அப்பளம் கேக்குறாங்க. அப்புறம் சேது குரலு. வாலிபக் குரலு சார், மைக்குக்குப் பக்கத்துல வந்து பேசுறான். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. எங்கண்ணன் பாடப் போறாரு. அமெரிக்காக்காரன் பாட்டு. அமெரிக்காக்காரன விட நல்லாப் பாடுவாரு."

அப்புறம் ஒரு ஆளு பாடுறான். தொப்பிக்காரர் எங்க விட்டாரோ அங்கேர்ந்து. ரோடுங்கறான், ரெயினுங்கறான், குட்பைங்கறான், மத்த எடத்துலெல்லாம் லல்லலா. டம்ளர்ல யாரோ தாளம் போடுறாங்க. மீட்டர் கேஜு, ஆறு பெட்டி. அது சேது கை. எனக்குத் தெரியும்.

டீச்சர் ஒத்தைச் செருப்போட நின்னபடி கேட்டாங்க: "யாரு பாடுறது?"

"நான்தான்"னேன்.

பாடுனது எனக்கு நெனவு இருந்துச்சு சார். பந்தியில கெஞ்சிக் கேட்டாங்க, பாடுனேன். அதப் புடிச்சு வெச்சிருப்பான்னு நான் என்னத்தக் கண்டேன்? நத்தர்ஷா பாய் எந்திரிச்சு நின்னுட்டாரு. சவரிமுத்து, "சுருதி சேரல"ன்னாரு. அப்புறம், "நிறுத்திறாதீங்க"ன்னாரு. முடியிறப்ப கைதட்டுறாங்க, சேது "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!"ன்னு கத்துறான். அதோட கேசட்டு தீந்து போச்சு.

டீச்சர் செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்தாங்க. எங்க வீட்டுக்காரி, ஈரக் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு நெலவாசல்ல வந்து நின்னா. "நம்பர் வேணுமா?"ன்னா. "யாரு கேட்டா?"ன்னேன். அவபாட்டுக்குப் பத்து நம்பரையும் கடகடன்னு ஒப்பிச்சா. "உனக்கு எப்படிடி தெரியும்?" "மாசத்துக்கு ரெண்டு தடவ பேசுறேன். யாழினி நர்சிங் மூணாவது வருசம்"ங்கறா. என் வீட்டுக்குள்ளயே சார்! என் போன்லேர்ந்தே!

போன்ல பேசுற விசயமா இது? நேர்ல போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுர்றதுன்னு கெளம்புனேன். முந்தாநாள் காரைக்கால். என்னென்ன கேக்கணும்னு பஸ்ஸுலயே வரிசையா யோசிச்சு வெச்சிருந்தேன். கதவத் தட்டுனேன். தொறந்தான். தலையில ஒரு முடி இல்ல சார். கையில தொடைக்கிற துணி. என்னைய மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தான். பத்தொம்பது வருசம் கழிச்சு மொத வார்த்தை என்ன சொன்னான் தெரியுமா?

"செருப்ப வெளிய விடுண்ணே. இப்பத்தான் தொடச்சேன்."

விட்டேன். வேற என்ன பண்றது?

சாப்பிட்டோம். வெயிலப் பத்திப் பேசுனோம். அவன் முட்டிவலியப் பத்திப் பேசுனோம். மறுநாள் மத்தியானம்தான் நான் விசயத்துக்கு வந்தேன். "டேய், அந்தத் தொப்பிக்காரர் பாட்டு, அது ரயில்தானே?"ன்னேன். அவனுக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு. "லாரிண்ணே"ன்னான். "ஃபோர்மேன் தெனம் பாடுவாரு. எனக்கு அந்த அழுகுணிப் பாட்டெல்லாம் அப்பவே புடிக்காது." கேட்டீங்களா? புடிக்காதாம்! "சரி, பின்பாதியில என்னடா வருது?" "வாங்குன ஆள்கிட்ட போயி, ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கட்டுமான்னு கேக்குறான்." "குடுத்தானா?" "அதுக்குள்ள பாட்டு முடிஞ்சுரும்ணே."

அப்புறம் கேட்டேன். "ஏன்டா அதுமேல போயி எடுத்த?"

அவன் வாழைப்பழத்த உரிச்சுக்கிட்டே, என் மூஞ்சியப் பாக்காம, "வேற கேசட் இல்லண்ணே, கைக்குக் கெடச்சதப் போட்டேன்"ன்னான்.

பொய் சார். பச்சப் பொய். ரெண்டு காலி கேசட்டு, சீல்கூடப் பிரிக்காதது, நான்தான் திருச்சியிலேர்ந்து வாங்கிட்டுப் போயி டேப்புக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் பாதிப் பழத்த என் பக்கம் நீட்டுனான். வாங்கித் தின்னுட்டேன்.

இந்தா, பெரிய கோயில் கோபுரம் தெரியுது, உங்க எடம் வந்துருச்சு. பையப் பாத்து எடுங்க. என்னது? ஆமா, கூப்பிட்டேன். வர்ற சனிக்கிழமை வர்றான், நாலு மணிக்கு. கண்டிசனா சொல்லிட்டேன், வா, உக்காரு, டீ குடி, ஆனா அர்த்தம் மட்டும் சொல்லாத, அங்க ஏற்கெனவே ஒரு டீச்சர் இருக்காங்க, அதுக்கு மேல தாங்காதுன்னு. "சரிண்ணே"ன்னான் சார். எதுத்து ஒரு வார்த்தை பேசல. அதான் எனக்குப் பயமா இருக்கு.